மூன்று சாண் புகை

வளையல்களைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்த பிறகுதான் செபாஸ்தியம்மாள் அந்தத் தகட்டைத் தொடுவார். இறுகப் பிழிந்த பழைய வேட்டித் துணியால், ஒரே திசையில், ஒரே இழுப்பு. “திருப்பித் தொடைச்சா கோடு விழும்” என்பார், யாரும் கேட்காமலேயே. நாள் முழுவதற்கும் அவர் பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக ஆய்வக உதவியாளர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அவர் பொறுப்பில் இருப்பது காற்றுச் சுரங்கம். ஒரு முனையில் வலை போட்ட அகன்ற வாய், மறுமுனையில் காற்றை உறிஞ்சும் பெரிய விசிறி, நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தகடு. தகட்டை ஒட்டிப் புகையை விட்டால் நூல் பிடித்தாற்போல் ஓடும். ஓரிடத்தில் நெளிந்து கலைந்துபோகும். அந்த இடத்தைக் கண்ணாடிமேல் சாணால் அளப்பார். எப்போதும் மூன்று சாண். மாணவர்கள் சிரித்துக்கொண்டே சென்டிமீட்டரில் எழுதிக்கொள்வார்கள்.

போன வாரம் புகை ஒரே சாணில் கலைந்தது. துறைத்தலைவர் கஸ்பார் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“தகட்டக் கீறி வச்சிருக்கீக. வேறென்ன?”

அன்றே மெமோ வந்தது: கவனக்குறைவால் கருவி சேதம். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு தாள் போதும்.

கஸ்பார் அப்படிச் சொன்னபோதே செபாஸ்தியம்மாள் மறுத்தார். “தகட்டுல ஒண்ணுமில்ல சார். வார காத்தே கலங்கி வருது.”

“காத்துல கலங்கல் தெரியுதாக்கும்? அப்ப நான் எதுக்கு, நீங்களே கிளாஸ் எடுங்க.”

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

“வாயில பீரோ நிக்கிதுல்ல சார்.”

பரிசுக் கோப்பைகளுக்காக அந்த வாரம்தான் வந்த புது இரும்பு பீரோ அது. கஸ்பாரே நின்று இறக்கி வைக்கச் சொன்னது. சுரங்கத்தின் வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அதில் மோதிச் சுழன்ற காற்றைத்தான் சுரங்கம் விழுங்குகிறது. வாயில் உள்ள வலை அந்தச் சுழலில் எவ்வளவைத்தான் அடக்கும்? கலங்கி வரும் காற்று, தகட்டின்மேல் அமைதியாக ஓடுவதையும் சீக்கிரமே கலைத்துவிடுகிறது. கஸ்பார் அதற்குள் போய்விட்டிருந்தார். “மடையில கல்லக் கெடத்திட்டு வயக்காட்ட வையிறாக” என்று செபாஸ்தியம்மாள் துணியிடம் சொன்னார். வீடு திரும்ப ஏறிய சித்தையன்கோட்டை பஸ் முழுக்க அந்த ஆத்திரம் கூடவே வந்தது. குனிந்து பார்த்துவிட்டாவது பழி போட்டிருக்கலாம்.

மறுநாள் வகுப்பில் கஸ்பார் நிற்கும்போதே செபாஸ்தியம்மாள் தோளைக் கொடுத்து பீரோவைத் தள்ளினார். உள்ளே கோப்பைகள் உருண்டன.

“ஏம்மா, என்ன பண்றீக?”

அவர் நிறுத்தவில்லை. பீரோவைச் சுவரோரம் சேர்த்துவிட்டு விசிறியைப் போட்டார். புகையை விட்டார். கண்ணாடிமேல் கையை விரித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாம் சாணின் சுண்டுவிரல் நுனியில் புகை நெளிந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கஸ்பார் தொண்டையைச் செருமினார். “சரி, பீரோ அங்கனயே இருக்கட்டும்.” மெமோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசலைப் பார்த்து நடந்தார்.

செபாஸ்தியம்மாள் குறுக்கே போய் நின்றார். பையிலிருந்து நான்காக மடித்த மெமோவை எடுத்து, மேசைமேல் ஒரே திசையில் நீவி விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். வளையல்கள் இன்னும் ஜன்னலில்தான் இருந்தன.