ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது

எங்கள் தொழிற்சாலையில் எந்தப் பழுது வந்தாலும் அறிக்கையின் கடைசி வரி ஒன்றுதான்: ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஓசூரில் பத்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அந்த வரியைப் பார்த்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மோட்டார்களை இயக்கும் போர்டுகள் செய்தோம். மின்சாரம் வந்ததும் போர்டை எழுப்பிவிடும் பூட்லோடர் நிரலை எழுதியவன் நான். அதன் செட்டிங்குகளை, மின்சாரம் போனாலும் மறக்காத பிளாஷ் மெமரி சிப்பில் சேமிக்க வேண்டும். அந்தச் சிப்பில் எழுதும் கட்டங்களான பிளாக்குகளில் சில பிறவியிலேயே கெட்டவை. சிப்பைச் செய்தவனே அடையாளம் போட்டுத்தான் அனுப்புகிறான். அதைப் பார்த்து, தாண்டி, அடுத்த பிளாக்கில் எழுதுவதுதான் முறை. நானோ ஒரே ஒரு பிளாக்கை ஒதுக்கிவிட்டு, அது கெட்டதாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

சோதனை மேசையில் சூளகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஒப்பந்தத் தொழிலாளி. செட்டிங்கைச் சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஒரு வாரத்தில் ஏழு போர்டுகள் எதையும் நினைவில் வைக்கவில்லை. சேமித்து முடிவதற்குள் அவள் சுவிட்சை அணைத்துவிட்டாள் என்று தர மேலாளர் முடிவு கட்டி, பயிற்சித் தாளில் கையெழுத்து வாங்கினார். மூன்று தாள் சேர்ந்தால் ஒப்பந்தம் நீளாது. அவளுக்கு அது மூன்றாவது.

ஏழு போர்டையும் ட்ரேயில் அடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எத்தினி வாட்டி போட்டாலும் இதே ஏழுதான் சார் மறக்குது. நான் அவசரப்பட்டிருந்தா மத்ததும் மறக்கணும்ல?"

பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏழிலும் நான் ஒதுக்கிய பிளாக்தான் கெட்டது; அடையாளம் இருந்ததால் அதில் எதுவும் எழுதப்படவே இல்லை. சேமிக்க முடியவில்லை என்பதைக்கூட என் நிரல் வாய் திறந்து சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. என் தப்புதான் என்றேன்.

"அப்ப நான் போட்ட கையெழுத்து சார்?"

மேலாளரிடம் போய் அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன். அவர் வேறு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"சிப்புல இருக்கற கெட்ட மார்க்க அழிச்சிட்டா போர்டு பாஸாயிடும்ல? ஒரே கமாண்டுதானே?"

"இன்னிக்கு பாஸாகும், நாளைக்கு கஸ்டமர்கிட்ட போய் மறந்துடும். அந்த மார்க் இருக்கணும் சார். அந்தப் பொண்ணு பேர்ல இருக்கற மார்க்கத்தான் அழிக்கணும்."

"ரெக்கார்டுல ஏறினத எப்படிப்பா அழிக்கறது? ஆடிட்ல மாட்டிக்குவோம்."

உண்மையான அடையாளத்தை அழிக்கச் சொன்ன அதே வாய், பொய்யான அடையாளத்தைத் தொடக்கூடாது என்கிறது! மேசையை ஓங்கித் தட்டினேன். பேனா ஸ்டாண்டு விழுந்ததுதான் மிச்சம்.

அன்றே நிரலைத் திருத்தினேன். கெட்ட பிளாக்கைத் தாண்டியது, ஏழும் தேறின. தவறு என்னுடையது என்று மனிதவளத் துறைக்கு எழுதினேன். குறித்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் அந்த மேசையில் வேறொரு பெண். ஒரு போர்டுகூட மறக்கவில்லை. கூட்டத்தில் மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? ஆள மாத்தினதும் எல்லாம் சரியாயிடுச்சு."