மருந்து படிக்க எந்த குரூப்?

மருந்துக் கடைக்காரரிடம் சீட்டை நீட்டினால் மருந்து கிடைக்கும், மருந்து படிக்க வேண்டும் என்று என் கவுன்டருக்கு வருகிறவர்களுக்கோ முதலில் கிடைப்பது ஒரு கேள்விதான்: “பிளஸ் டூவுல என்ன குரூப்?”

ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பார்மசி கல்லூரிக்கு நெல்லித்தோப்பில் ஒரு சின்ன அட்மிஷன் ஆபீஸ். அதில் விசாரணைக்குப் பதில் சொல்வது என் வேலை. பதிலும் ஒன்றே ஒன்றுதான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இரண்டும் கட்டாயம். கூடவே பயாலஜி அல்லது மேத்ஸ், ஏதாவது ஒன்று. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வறண்டு போகும். ரயில்வேயிலோ பேங்கிலோ ஆஸ்பத்திரியிலோ விசாரணை மேஜையில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

நாலு காணி

பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். காலையில் வயல், மாலையில் டவுனில் செக்யூரிட்டி வேலை. மகள் பத்தாவது முடித்திருந்தாள். உட்காரும்போதே, “பி.பார்ம் மட்டும் வேணாம்மா. வேற எதுனா சொல்லுங்க” என்றார். ஏன் என்று கேட்டேன். “நாலு காணி நெல்லப் போட்டுட்டு நான் படுற பாடு போதாதா? இவளும் பார்ம்ல எறங்கணுமா?”

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வாரமாக அவளும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது வயல் இல்லை, மருந்துப் படிப்பு, இப்போதே சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டால் நல்லது என்று நான் விளக்கினேன். ஆபீஸில் எங்காவது நாற்று தெரிகிறதா என்பதுபோல ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். எழுந்துபோகும்போது சொன்னார்:

“சேத்து வுடுறேம்மா. ஆனா ஊர்ல பி.பார்ம்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் அவள நாத்து நடக் கூப்புடுவானுங்க.”

இரட்டையர்

பஸ் டிரைவர் ஒருவர் தன் இரட்டைப் பிள்ளைகளை அழைத்து வந்தார். ஒரே முகம், ஒரே சட்டை, ஆனால் மேஜையின் இரண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தார்கள். கணக்குக்குப் பயந்து பயாலஜி எடுத்தவன் ஒருத்தன். பயாலஜியில் படம் வரையப் பயந்து மேத்ஸ், கம்ப்யூட்டர் என்று போனவன் இன்னொருத்தன். யார் செய்தது புத்திசாலித்தனம் என்று ஆரம்பித்த சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

“ரெண்டு பேருமே சேரலாம்” என்றேன். இரண்டு முகத்திலும் ஒரே நேரத்தில் ஏமாற்றம். பாக்கியையும் சொல்லிவிடுவது என் கடமை அல்லவா? “மேத்ஸ் படிக்காம வர்றவங்களுக்கு முதல் செமஸ்டர்ல ஒரு மேத்ஸ் பேப்பர் இருக்கு. பயாலஜி படிக்காதவங்களுக்கு ஒரு பயாலஜி பேப்பர்.” இருவரும் மெல்லத் திரும்பினார்கள். அப்பா கண் கலங்காத குறைதான்:

“ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் மேடம் இவனுங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறானுங்க.”

போனில் வந்தவர்

ஒரு பையன் போனில் கூப்பிட்டான். பார்மசி வேண்டாமாம், பார்மகாலஜி மட்டும்தான் வேண்டுமாம். மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் பார்மகாலஜி. பி.பார்மில் அது ஒரு பாடம். அதையே தனியாகப் படிக்க வேண்டுமானால் நாலு வருஷம் பி.பார்ம் முடித்துவிட்டு எம்.பார்மில் எடுக்கலாம் என்றேன். உடனே கேட்டான்:

“அப்போ நாலு வருஷம் ஊரெல்லாம் சுத்திக் காட்டிட்டுதான் நான் கேட்ட எடத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா மேடம்?”

பிசிக்-ஷிமி

கணவர் பிரான்சில், மகன் இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் என்று ஓர் அம்மா வந்தார். அந்தப் படிப்பில் கடைசி வருஷத்துக்குப் போகும்போது மூன்று முக்கியப் பாடங்களில் ஒன்றை விட்டுவிட வேண்டுமாம். மகன் விடத் துடித்தது ‘பிசிக்-ஷிமி’யை, அதாவது பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்த பாடத்தை. அதை விட்டால் இங்கே மருந்துப் படிப்புக்குள் காலே வைக்க முடியாது என்றேன். “அப்போ நான் பிரான்சுக்கே போயிடறேன்” என்றான் மகன். அங்கேயும் மருந்தைக் கெமிஸ்ட்ரியில்தானப்பா செய்கிறார்கள் என்றேன். அவன் நம்பவில்லை. மறுநாள் அம்மா மட்டும் வந்து தகவல் சொன்னார்:

“பாரீஸ்லயாவது ஷிமி இல்லாத மருந்துக் காலேஜ் இருக்குதான்னு அவங்கப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டான். அவரு போனையே வெச்சுட்டாரு, மதாம்.”

வஞ்சிரம்

குருசுக்குப்பத்தில் மீன் விற்கும் சுந்தரியக்கா வந்தது பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் கழித்து. கூடவே மகள் காவ்யா, பிளஸ் ஒன் யூனிபார்மில். அம்மா போடும் சர்க்கரை மாத்திரை ஏன் சாப்பாட்டுக்கு முன்னால், இன்னொன்று ஏன் பின்னால் என்று மருந்துக் கடைக்காரரைக் கேட்டிருக்கிறாள். அவர் “எழுதியிருக்கறபடி போடு” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், அதைப் படித்தே தெரிந்துகொள்வது என்று. “என்ன குரூப்?” என்றேன். காமர்ஸ். சயின்ஸில் இடம் இல்லையென்று பள்ளியில் அதில் போட்டுவிட்டார்கள்.

இந்தப் பதிலைச் சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமானது. சொன்னேன். காவ்யா தரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். போர்டுக்குப் பேர் அனுப்புவதற்குள் மாற்றினால்தான் உண்டு, அப்புறம் யாராலும் முடியாது என்றேன். சுந்தரியக்கா மகளை இழுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனார். யாராவது வெளியே வந்தால்தான் சயின்ஸில் இடம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். அக்கா அசரவில்லை. மதியம் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் கேட்டில் நின்று, மார்க்கெட்டில் கூவும் அதே குரலில், “யாருக்குப்பா பிசிக்ஸ் புடிக்கல?” என்று கேட்டார். பாதிக் கூட்டம் கை தூக்கியதாம். வாட்ச்மேனும் தூக்கினாராம்.

அதில் ஒரு கை நிஜம். ரம்யா என்ற பெண். அக்கவுன்ட்ஸ் படிக்க ஆசை. அப்பாவுக்காக சயின்ஸில் சேர்ந்து தினமும் அழுதுகொண்டிருந்தாள். அன்று மாலையே சுந்தரியக்கா சாரம் பகுதியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனார். அப்பா முதலில் கதவையே முழுதாகத் திறக்கவில்லை. அப்புறம் ரம்யாவே வந்து நின்று, “எனக்கு முடியலப்பா” என்று சொல்லியிருக்கிறாள். அதுவரை அவள் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லையாம். அவர் கதவை முழுதாகத் திறந்து, அக்காவுக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

மறுநாள் இரண்டு பெண்களும் வகுப்பு மாறினார்கள். எனக்குச் சொல்வதற்காகவே சுந்தரியக்கா ஆபீஸுக்கு வந்தார்:

“சின்னக் காரப்பொடி மீனக் குடுத்துட்டு வஞ்சிரம் வாங்கின மாதிரி இருக்கும்மா எனக்கு. கூத்து என்னன்னா, அந்தப் பொண்ணோட அப்பாவும் அதையேதான் சொல்றாரு.”

எல்லாரையும் சயின்ஸ் குரூப் எடுக்கச் சொல்லி இவ்வளவு அக்கறையாக அனுப்பிவைக்கும் நான் படித்தது என்னவோ காமர்ஸ்தான்.