ஒரே மூச்சில் மந்திரம்

ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு ஹாலில் நாலு பேர் பகடை உருட்டி, கற்பனைப் பூதங்களோடு சண்டை போடும் கதை விளையாட்டு ஆடுகிறோம். கதையை நடத்துவது நான். முருகேசன்தான் மந்திரவாதி. நான் எந்தப் பூதத்தை இறக்கினாலும் ஒரே மந்திரத்தில் சாம்பலாக்கிவிடுவான்.

அவனை அடக்க இன்று புது விதி போட்டேன். மந்திரத்தை வாய்விட்டு, ஒரே மூச்சில், திக்காமல் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் பலிக்காது. நாக்கு சுளுக்கும்படி நானே பத்து வரி எழுதியும் வைத்திருந்தேன்.

முருகேசன் காகிதத்தைப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, இவ்வளவுதானுங்களா?"

கடகடவென்று முடித்தான். மூன்று வாரமாக நான் பொத்திப் பொத்தி வளர்த்த டிராகன் காலி.

அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. இவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தினமும் தக்காளி ஏலம் விடுகிறவன்.

கூட விளையாடும் அவன் மனைவி கவிதா சிரித்தாள். "சத்தமில்லாம மெதுவாச் சொல்லணும்னு விதி போடுங்கக்கா. கல்யாணமாகி ஏழு வருசமாச்சு, இவரு மெதுவாப் பேசி நானே கேட்டதில்ல."

உடனே விதியை மாற்றினேன். இப்போது முருகேசன் கிசுகிசுத்துப் பழகுகிறான். தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கிறது.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். "ஏம்மா, யாருக்குச் செய்வினை வைக்கிறீங்க?"

என்ன பதில் சொல்லட்டும், மக்களே?