ஞாயிற்றுக்கிழமைத் தீவு

பதினொரு மாதமாக என் துறைமுகத்தில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. கைபேசிக்குள் இருக்கும் துறைமுகத்தைத்தான் சொல்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு பல்கனியில் நின்றால் உண்மையான கடலும் தெரியும். அதில் எப்போதும் ஏதோ நடக்கும். பாறைகளில் யாராவது தூண்டிலோடு நிற்பார்கள், கரையோரமாக ரயில் போகும், மழை கடலிலிருந்து எழுந்து தெருவுக்கு வரும். கைபேசிக்குள் இருக்கும் கடலில் அதே முப்பத்தொரு கப்பல்கள். சுங்கக் கட்டடத்தின் கூரையில் அதே ஏழு கடற்பறவைகள். ஏழில் இரண்டு இடப்பக்கம் தலையைத் திருப்பும், ஐந்து வலப்பக்கம். எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லாதபோது இதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டுக்குள் நான் ஊரடங்குக் காலத்தில் வந்தேன். என்னோடு ஒரே திணைக்களத்தில், கணக்குக் கிளையில், எதிர் மேசையில் இருந்த நண்பர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும்தான் சந்திப்போம். நோய் பரவி எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது அவர் அழைத்து, தன் டெப்லெட்டில் கனடாவில் இருக்கும் மகள் ஒரு விளையாட்டை ஏற்றித் தந்திருப்பதாகவும், அதில் பக்கத்துத் துறைமுகம் காலியாக இருப்பதாகவும் சொன்னார். பக்கத்துக் காணி விலைக்கு வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னார். எடுத்தேன். அன்றிலிருந்து அவருடையதும் என்னுடையதும் கூட்டுத் துறைமுகம். நடுவில் இருக்கும் இறங்குதுறை இருவருக்கும் பொது. அவர் உள்ளே வந்தால் அவர் பக்கத்து விளக்கு எரியும். நான் வந்தால் என்னுடையது.

அப்போதெல்லாம் மாதம் தவறாமல் ஒரு புதிய தீவு வரும். காலைத் தேநீரோடு உட்கார்ந்தால், எந்தத் தீவில் என்ன மீன் படுகிறது, கறுவாப் பட்டையை எங்கே இறக்கினால் நல்ல விலை, கலங்கரை விளக்கத்தின் சாவி எந்த வீட்டில் இருக்கிறது என்று இருவரும் ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருப்போம். மின்வெட்டுக் காலத்தில்கூட அவருடைய பகுதிக்கு எப்போது மின்சாரம் போகும், என்னுடைய பகுதிக்கு எப்போது போகும் என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவில் விளையாடினோம்.

பிறகு தீவு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றானது. பிறகு நான்கு மாதத்துக்கு ஒன்று. பிறகு தீவுக்குப் பதிலாக அறிவித்தல்கள் வந்தன. தரத்தை விட்டுக்கொடுக்காமல் உழைக்கிறோம், பொறுமைக்கு நன்றி, நல்ல செய்தி விரைவில் வரும். 'விரைவில்' என்ற சொல்லை ஆறு அறிவித்தல்களில் கண்டேன். விளையாடுபவர்கள் எழுதும் பக்கத்தில் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் இளவட்டங்கள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படி எழுதவில்லை. ஒன்பது குறைகளை இலக்கமிட்டு, நல்ல ஆங்கிலத்தில், முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் கற்றுக்கொண்ட பணிவோடு எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. எங்கள் விளையாட்டின்மீது நீங்கள் கொண்ட ஆர்வத்துக்கு நன்றி. எனக்கு மேலே ஒருவன் தாயைச் சேர்த்துத் திட்டியிருந்தான். அவனுக்கும் அதே பதில்தான்.

தீவுகள்மீது எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. ஒரு தீவைப் பார்த்தால் மறு தீவையும் பார்த்த மாதிரித்தான். எனக்கிருந்த பயம் வேறு. புதிய தீவு வராவிட்டால் நானும் அவரும் காலையில் எதைக் கதைப்பது? சீனி, பிரஷர், முழங்கால் எல்லாவற்றையும் கதைத்து முடித்துவிட்டோம். பிள்ளைகளைப் பற்றி இருவரும் கேட்பதில்லை. கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்தான்: வெளிநாட்டில் சுகமாக இருக்கிறார்கள். முன்பு ஐந்தாறு வரி எழுதுபவர் இரண்டு வரிக்கு வந்தார். பிறகு 'குட் மோர்னிங்' மட்டும். கடைசியில் ஒரு பெருவிரல் படம். என் மனைவி தினமும் கேட்பாள்.

"என்னப்பா, கப்பல் வந்திட்டுதோ?"

இல்லை என்பேன்.

"அப்ப தேத்தண்ணியையாவது குடியுங்கோ, ஆறிப்போச்சு."

நண்பர் கத்தோலிக்கர். ஒவ்வொரு தவக்காலத்திலும், உயிர்த்த ஞாயிறான ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும், ஏதாவது ஒன்றை விடுவார். நாங்கள் வேலை செய்த காலத்தில் சிகரெட்டை விட்டார். பிறகு அதைத் தொடவேயில்லை. ஒரு வருடம் சீனி, ஒரு வருடம் இறைச்சி, ஒரு வருடம் சாராயம். இந்த வருடம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முதல் நாள் அழைத்தார்.

"ஐசே, நாளையிலேயிருந்து நான் துறைமுகத்துக்கு வரமாட்டன். இந்தமுறை அதைத்தான் விடுறன்."

"ஒண்டும் நடக்காத விளையாட்டை விடுறது ஒறுத்தலோ? பாகற்காயை விடுற மாதிரியெல்லோ இருக்கு."

அவர் சிரித்தார். "அதுதான் ஐசே இந்த வருசம் சுகமாப் போகப்போகுது."

சும்மா பகிடி என்று நினைத்தேன். மறுநாள் அவர் பக்கத்து விளக்கு எரியவில்லை.

தவக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை காலை, பதினொரு மாதமாக வராத தீவு வந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். தீவுக்குப் போக ஒரு பாலம் இருக்கிறது. அதை இறக்கக் கூட்டுத் துறைமுகக்காரர் இருவரும் ஒரே நேரத்தில் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இருபத்தெட்டு நாள், நான்கு கிழமைதான் தவணை. அதற்குள் இறக்கியவர்களுக்குத் தீவு என்றைக்கும் உண்டு, இறக்காதவர்களுக்கு இல்லை. கூட்டாளி வராவிட்டால் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு பொத்தானும் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவனின் பெயரைக் காட்டி, பழைய கூட்டைக் கலைத்து இறங்குதுறையை இரண்டாக வெட்டட்டுமா என்று கேட்டது. அவசரமாக மூடினேன்.

நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். பாலம் மூடும் நாள் உயிர்த்த ஞாயிறுக்குப் பத்து நாள் முந்தி வந்தது.

கொட்டாஞ்சேனைக்கு அழைத்தேன். தீவு வந்துவிட்டது என்றேன். அவர், டெப்லெட்டை மனைவியிடம் கொடுத்து அலுமாரியில் பூட்டச் சொல்லிவிட்டதாகவும், திறப்பு அவளிடம் இருப்பதாகவும் சொன்னார். ஐந்து நிமிட வேலை என்றேன். விட்டது விட்டதுதான் என்றார். கொம்பனிக்காரனுக்குத் தவக்காலம் தெரியாது, அவனுடைய பிழைக்கு நாங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்றேன். அதற்கு அவர், நான் சைவக்காரன், எனக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அந்தரமாக இருந்தது. முன்பென்றால் ஒரு தீவுக்காக அவர் கோபித்திருப்பார்.

இரண்டு நாள் அந்த நாட்காட்டியை வைத்துக்கொண்டு இருந்தேன். எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணப்போய், தவக்காலம் முழுவதையும் எண்ணிவிட்டேன். விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் சனி வரை நாற்பத்தாறு வந்தது. பென்சிலால் புள்ளி வைத்து மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறுதான். எங்களுக்குக் கந்தசஷ்டி ஆறு நாள் என்றால் ஆறு நாள். இவர்கள் நாற்பது என்று சொல்லிவிட்டு நாற்பத்தாறு நாள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை மறுபடி அழைத்தேன்.

"ஐசே, உம்மட சபையின்ரை கணக்கிலை ஆறு நாள் பிழைக்குது."

"என்ன பிழை?"

"நாப்பது எண்டு சொல்லுறியள். நாப்பத்தாறெல்லோ வருது. எண்ணிப் பாரும்."

அந்தப் பக்கம் முணுமுணுவென்று எண்ணும் சத்தம் கேட்டது. கணக்குக் கிளைக்காரர்தானே, விடமாட்டார். இடையில் மனைவியிடம் பெரிய வெள்ளியின் திகதியைக் கேட்டார். கடைசியில், "எழுவத்திநாலு வருசமா நாப்பது எண்டுதான் சொல்லுறம். ஆர் ஐசே எண்ணிப் பாத்தது?" என்றார். நாளைக்குப் பூசை முடிய ஃபாதரிடம் கேட்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் அவரே அழைத்தார். கோவில் வாசலில் பலர் நிற்கும்போதே கேட்டாராம். ஃபாதர் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்பதில் சேர்வதில்லை, ஞாயிறு எப்போதும் பெருநாள்தான் என்றாராம். ஆறு ஞாயிறு. என் ஆறும் அவர்களுடைய ஆறும் சரியாகப் பொருந்தின. கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது இவ்வளவு வருடமும் விட்டதை ஞாயிற்றுக்கிழமைகளிலும் சும்மா தொடாமல் இருந்தேனே என்று நினைத்தாராம்.

"அப்ப ஞாயிறிலை விளையாடலாம்," என்றேன்.

"ஃபாதர் விளையாடச் சொல்லேல்லை. நீர்தான் சொல்லுறீர்." பிறகு, "வாற ஞாயிறு பூசைக்குப் பிறகு வீட்டை வாரும். இவ அலுமாரியைத் திறந்து தருவா," என்றார்.

புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொன்று. அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை கொஞ்சம் ஏற்றம். நடுவில் இரண்டு தரம் நின்றேன். கடைசியாக அந்த வீட்டுக்கு எப்போது போனேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில் வரவில்லை. ஆறு வருடமாகத் தினமும் அவரைக் காண்பதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாசலில் நின்றவர் மெலிந்திருந்தார். நானும் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

அவர் மனைவி மீன் கட்லட்டும் பிளேன்டீயும் வைத்தார். பிறகு ஒரு துவாயில் சுற்றியிருந்த டெப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அண்ணை, இந்தப் பாலத்தை இறக்கிப்போட்டாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதி தாங்கோ. இவர் அலுமாரிக்குக் கிட்டப் போகேக்கை எல்லாம் நான் திறப்பைத் தேடவேண்டிக் கிடக்கு."

"பொய்," என்றார் நண்பர். "நான் சேட்டெடுக்கப் போனனான்."

ஒரே சோபாவில் இருந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினோம். முதல் முறை அவர் முந்திவிட்டார். இரண்டாம் முறை நான் பிந்திவிட்டேன். மூன்றாவது முறை அவர் மனைவி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னார். பாலம் இறங்கியது.

தீவில் பதினான்கு வீடுகள் இருந்தன. பதினான்குக்கும் ஒரே கதவு. தென்னைகளின் ஓலை ஊதா நிறமாக இருந்தது. நான் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் நின்று கடலைப் பார்த்தேன். அந்த வளைவை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. நண்பர் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

"ஐசே, இது எங்கட முதலாவது தீவு. இடம் வலம் மாத்திப்போட்டு ஓலைக்குப் பெயின்ட் அடிச்சிருக்கினம்."

உண்மைதான். கூரையில் நான்கு பறவைகள். நான்கும் எதிர்ப்பக்கம் திரும்பின. ஒவ்வொரு கதவையும் திறக்க இருவரும் சேர்ந்து தட்ட வேண்டும். இரண்டு வீடுகளைத் திறந்தோம். ஒன்றில் கயிறு, மற்றதில் உப்பு. அவர் டெப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினொரு மாசம் இதுக்கே பாத்துக்கொண்டிருந்தனாங்கள்?"

கொம்பனிமேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

"உமக்கு ஒண்டு சொல்லட்டே," என்றார். "இந்தப் பதினெட்டு நாளும் நான் இதைத் தேடேல்லை. முதல் ரெண்டு நாள்தான். பிறகு காலமை கோவிலடிக்கு நடந்துபோட்டு வாறன். கண் உளைவும் இல்லை."

ஞாயிறு கணக்கில் வராது என்று இப்போது அவரும் கற்றுக்கொண்டதால், உண்மையில் பதினாறு நாள்தான். அதை நான் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"அப்ப ஈஸ்டர் முடிய வரமாட்டீரோ?"

அவர் கட்லட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குசினிக்குள் எழும்பிப் போனார். இந்த விளையாட்டுக்குத் தான் வந்ததே ஊரடங்கில் என்னோடு கதைக்கத்தான் என்றும், இப்போது அதற்குள் கதைக்கவும் ஒன்றும் இல்லை என்றும், பெருவிரல் படம் அனுப்பத் தனக்கே வெட்கமாக இருந்தது என்றும் மெதுவாகச் சொன்னார். நான் கண்டிருந்ததை அவரும் கண்டிருக்கிறார்.

பிறகு, "ஞாயிறிலை வாறன்," என்றார். "ஞாயிறு பெருநாளெல்லோ. மற்ற நாள் என்னைப் பாக்காதையும்."

மிச்சத் தவக்காலத்தில் மூன்று ஞாயிறும் வந்தார். நான் வீட்டிலிருந்தே விளையாடினேன். அந்த ஏற்றத்தை அடிக்கடி ஏற முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீடு மட்டும் திறந்தோம். உயிர்த்த ஞாயிறன்று வீடு நிறைய ஆட்கள் என்று சொல்லி வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். திங்கட்கிழமை, இனி விரதம் இல்லையே என்று அவர் பக்கத்து விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. செவ்வாயும் பார்த்தேன். அலுமாரி திறந்துதான் இருந்திருக்கும்.

இடையில் கொம்பனியிடமிருந்து இன்னொரு அறிவித்தல் வந்தது. அடுத்த தீவுக்குத் திகதி சொல்ல முடியாதாம். இந்தமுறை 'விரைவில்' கூட இல்லை. எழுதும் பக்கத்தில் பையன்கள் மறுபடி திட்டினார்கள். என் ஒன்பது குறைகளை மறுபடி அனுப்பலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

மறு ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்குத் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. வெய்யில், முழங்கால், கோவில் வாசலில் ஃபாதர் தன்னைக் கண்டால் இப்போதெல்லாம் 'கணக்கர்' என்று கூப்பிடுவது எல்லாவற்றையும் எழுதினார். ஏழெட்டு வரி இருக்கும். ஆறாவது வீட்டைத் தட்டினோம். உள்ளே கயிறு.

"அடுத்ததையும் திறப்பமே?" என்று எழுதினார்.

"இண்டைக்கு இது காணும், மிச்சம் அடுத்த ஞாயிறு," என்று எழுதினேன்.

அவருடைய பதில் வந்தது.

"ஐசே, நீரும் கொம்பனிக்காரனோடை சேந்திட்டீரோ?"

என் போன் பழசு, மெதுவாகத்தான் வேலை செய்கிறது என்று எழுதினேன். அவர் நம்பியிருக்கமாட்டார். ஆனால் ஏழாவது கதவைத் தட்ட வரவும் இல்லை. இறங்குதுறைக்குத் திரும்பி, கறுவாவை எங்கே இறக்குவது என்று பழைய கதையைத் தொடங்கினார்.

மனைவி வந்து கோப்பையைப் பார்த்தாள். குடித்து முடித்திருந்தேன்.

"கப்பல் வந்திட்டுதோ?"

"ஓம்," என்றேன்.

இன்னும் எட்டு வீடுகள் இருக்கின்றன.