வாள்வீரன் கேட்ட மூன்று கேள்விகள்

"வாள்வீரனை ஆட்டத்துலேருந்து தூக்கிடுங்க மேடம். யாரும் அவனை எடுக்க மாட்டேங்கறாங்க. ஜல்தி முடிங்க, வெள்ளிக்கிழமை விதிப் புத்தகம் பிரஸ்ஸுக்குப் போகணும்." எங்கள் டில்லி ஆபீஸில் முதலாளி இப்படிச் சொன்னது ஒரு புதன்கிழமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேசை விளையாட்டுக்கு விதி எழுதுவது என் வேலை. நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். கதை சொல்பவர் கேம் மாஸ்டர், ஆபீஸில் ஆடும்போது அது நான்தான். வாள்வீரனும் மந்திரவாதியும் ஒரு சுற்றில் அடிக்கும் அடி சமம் என்று எட்டு மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்புறமும் ஏன் அவனை யாரும் எடுப்பதில்லை?

கடைசியாக ஒரு டெஸ்ட், அன்று சாயங்காலமே ஒரு சோதனை ஆட்டம், கேட்டு வாங்கினேன். மேசைக்கு ஓர் ஆள் குறைந்தது. கீழே கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த கனகராஜ், வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். டூட்டி முடித்துக் கிளம்பியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மிச்சமிருந்த வாள்வீரனை எடுத்துக்கொண்டார்.

கதையில் ஓர் ஆறு குறுக்கே வந்தது, மந்திரவாதியாக விளையாடிய சுருதி பாலம் வரவழைத்தாள். பூட்டிய கதவு வந்தது, அவளே திறந்தாள். கனகராஜ் மூன்று மணி நேரத்தில் இரண்டே தடவை பகடை உருட்டினார்.

"எப்படி இருந்ததுண்ணா?" என்று கேட்டேன்.

"சண்டைல நல்லாத்தான் அடிக்கறான் மேடம். மிச்ச நேரமெல்லாம் சும்மா குந்திக்கினு கெடக்கறான். நான் ஒரு கேட்டைப் பாத்தா, உள்ள எத்தினி பேரு, எப்ப டூட்டி மாறும், எவன் தூங்குவான்னு சொல்லிடுவேன். உங்க வீரனுக்கு அது தெரியாதா?"

வெட்கமாகிவிட்டது. நான் சமம் பார்த்தது சண்டையில் மட்டும்தான். அன்றே ஒரு விதி எழுதினேன்: காவல் உள்ள எந்த இடத்தையும் பார்த்து வாள்வீரன் மூன்று கேள்வி கேட்கலாம், கேம் மாஸ்டர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பகடை வேண்டாம்.

வியாழக்கிழமை மறுபடியும் ஆடினோம். முதலாளியும் வந்து நின்றார். கோட்டை வந்ததும் சுருதி மந்திரச் சீட்டை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். "ஏக் மினிட். மொதல்ல அங்கிள் கேக்கட்டும்."

கனகராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். "காவல் எப்ப மாறும்?"

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவன் இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார்.

இப்போதெல்லாம் டெஸ்டில் அடிக் கணக்கைத் தொடுமுன், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறேன். புத்தகத்தில் விதி எழுதியவர்கள் பட்டியலில் என் பெயருக்கு மேலே கனகராஜ் பெயர் இருக்கும். நான்தான் போடச் சொன்னேன்.