இறங்க மறுத்த கோரைப்பல்

பிள்ளைக்கு வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று நிம்மதிப்படுகிற பாவப்பட்ட தொழில், பல்லுக்குக் கம்பி போடுவது. கிளிப்பு போட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களே, மாதாமாதம் வாசல் பெஞ்சில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது நீங்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உள்ளே கையுறை மாட்டிக்கொண்டு நானும் அதையேதான் செய்கிறேன். விழுப்புரத்தில் நான்கு நாள், திண்டிவனத்தில் இரண்டு நாள் கிளினிக். கவலைக்கு மட்டும் வார விடுமுறை கிடையாது.

கண்ணுக்கு ஆபத்தா?

தரணி வளவனூர்ப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள். மேல்வரிசையில் இடது கோரைப்பல் மட்டும் வரவே இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அது அண்ணத்துக்குள் படுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறது. வேறொரு டாக்டர் அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். நான்தான் வாய் கொழுப்பெடுத்து, "நல்ல பல்லை எதற்கு எடுக்க வேண்டும்? நான் இறக்கித் தருகிறேன்" என்றேன். சொன்ன மறுநிமிடமே எக்ஸ்ரேயை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன்.

செய்முறை எளிதுதான். ஈறைச் சின்னதாகத் திறந்து, ஒளிந்திருக்கும் பல்லில் ஒரு பொடிச் சங்கிலியை ஒட்ட வேண்டும். சங்கிலியின் மறுமுனையை ரப்பர் நூலால் கம்பியோடு இழுத்துக் கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை புது நூல் கட்டினால், பல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். தரணியின் அம்மா கஸ்தூரி பூ வியாபாரம் செய்கிறவர். காத்திருக்கும் நேரத்தில்கூட மடியில் மல்லியைக் கொட்டி வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே இருப்பார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மேல் பல்ல புடிச்சி இழுத்தா கண்ணு நரம்புக்கு ஒண்ணும் ஆவாதே டாக்டர்ம்மா?"

பொங்கலுக்கு மறுவாரம்

பொங்கல் முடிந்த வாரம் எங்கள் தொழிலில் தனி சீசன். உடைந்து விழுந்த கிளிப்புகளைப் பேப்பரில் மடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். திண்டிவனத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கீழ்வரிசையில் பாதி காணோம். கம்பி இடுக்கில் கரும்புச் சக்கை சிக்கியிருக்கிறது. கூட வந்த அப்பா என்னைவிடக் கோபமாக இருந்தார். அவர்கள் தோட்டத்துக் கரும்புதானாம்.

மற்ற நாளாக இருந்தால் நானும் திட்டியிருப்பேன். அன்று மனசு வேறு பக்கம் இருந்தது. முந்தின நாள்தான் தரணியைப் பார்த்திருந்தேன். பல் அசையவே இல்லை. அந்தக் கவலையிலேயே பையனின் வாய்க்குள் கண்ணாடியை விட்டு, "கரும்பைக் கடித்தாயா?" என்று கேட்டேன். அவன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான்: "கடிக்கல மேடம், சும்மா வாயில வெச்சிக்கினு இருந்தேன்."

ஒட்டிக்கொண்டதோ?

அடுத்த மாதமும் பல் இறங்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அதே கதை. சில பற்கள் எலும்போடு ஒட்டிக்கொண்டுவிடும். என்ன இழுத்தாலும் வராது. விடாமல் இழுத்தால் அது வருவதற்குப் பதிலாகப் பக்கத்துப் பற்கள் மேலே ஏறிவிடும். அப்படியானால் எடுக்கச் சொன்ன டாக்டர்தான் சரி. நான் ஒரு பெண்ணின் ஈறைக் கிழித்து, இத்தனை மாதம் வலிக்க வைத்தது எதற்குமில்லாமல் போய்விடும். திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்தால் என் நாக்கு தானாகப் போய் என் கோரைப்பல்லைத் தடவும். அது இருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கும்.

தரணியிடம், "நூல் கட்டிய பிறகு வலிக்கிறதா?" என்று கேட்டேன். "ஒரு நாள் வலிக்கும் மேடம், அப்புறம் சரியாப் பூடும்" என்றாள். மூன்று நாளாவது வலிக்க வேண்டுமே என்று அதற்கும் ஒரு கவலை. விளக்கைத் திருப்பித் திருப்பி அவள் அண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உதவியாளர் சுமதிக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எவ்ளோ நேரம் பாப்பீங்க மேடம்? உள்ள பூந்து தள்ளிவுடப் போறீங்களா?"

சுமதி வராத நாள்

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. பழைய நூலைக் கத்தரித்து எடுத்து, பிள்ளையைப் பல் துலக்க வைத்து உட்காரவைப்பது சுமதி வேலை. அதற்கப்புறம்தான் நான் வருவேன். ஒரு மாத சாம்பாரில் எல்லா நூலும் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பதால், அவளும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. அன்று சுமதி கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். தரணியின் நூலை நானே எடுக்க வேண்டியதாயிற்று.

இடுக்கியால் பிடித்து இழுத்தேன். நீளவில்லை. ரப்பர் நூல் என்றால் நீள வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது சாதாரணப் பருத்தி நூல். முடிச்சும் நான் போடுகிற முடிச்சில்லை. சுருக்குப் போட்டு இறுக்கிய பூக்காரர் முடிச்சு. தரணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கஸ்தூரி மடியிலிருந்த மல்லியை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதே நேரத்தில், பல் ஒட்டியிருக்காது, இத்தனை நாள் அதை யாரும் இழுக்கவே இல்லை என்று புரிந்ததும் அழுகையே வந்துவிட்டது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்க கட்டி வுட்ட மறுநாள் சோறே துண்ணாம அழுதுக்கினு இருந்தா டாக்டர்ம்மா. ரப்பர வெட்டுனேன், உடனே துண்ணுட்டா. சங்கிலி தொங்கிக்கினு குத்துமேன்னு பூக்கட்ற நூலால கட்டி வெச்சேன். அதுக்கப்புறம் மாசா மாசம் அப்டியே பழகிப் பூடுச்சி."

மூன்று நாள்

நான் திட்டவில்லை. புது ரப்பர் நூலைக் கட்டினேன். வலி மாத்திரை கொடுத்து, கஞ்சியும் குழைந்த சோறும் போதும் என்றேன். கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றினால் எனக்கு போன் செய்யச் சொல்லி நம்பர் கொடுத்தேன். அவர் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் கூப்பிட்டார். "அழுவுறா டாக்டர்ம்மா, வெட்டட்டுமா?" என்பார். "வேண்டாம், இன்னும் ஒரு நாள்" என்பேன். போனை வைத்த பிறகு, உண்மையிலேயே ஒட்டிக்கொண்ட பல்லாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்த போனில் கஸ்தூரி பேசவில்லை, தரணிதான் பேசினாள். கேப்பைக் களி தின்றதாகச் சொன்னாள். கத்தரிக்கோலை அவளே ஒளித்து வைத்துவிட்டாளாம்.

அடுத்த மாதம் அண்ணத்தில் லேசாக மேடு தட்டியிருந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. அதற்கடுத்த மாதம் ஈறைக் கீறிக்கொண்டு, அரிசி நுனி அளவுக்கு வெள்ளையாக எட்டிப் பார்த்தது பல். சுமதி கை தட்டினாள். கஸ்தூரி செல்போன் விளக்கை அடித்து, மகளின் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். சந்தோஷத்தில் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டார்: "இம்மா நாளா இத வரவுடாம புடிச்சி வெச்சிக்கினு இருந்தது நானா?"

கம்பி முடுக்கிய பிறகு வலிக்கிறதா என்று நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, நாற்காலியில் படுத்திருக்கும் பிள்ளையை அல்ல, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைத்தான்.