தள்ளி நில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் எனக்கு மீன்கொத்திப் பித்து. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்குக் கீழே ஓடையோரம் கிடப்பேன். சாரல் நாளில் வெளிச்சம் போதாது. படத்தைப் பெரிதாக்கினால் பறவையின் மேல் ரவையைத் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். தென்காசி ஸ்டூடியோக்காரர் ஒரு வழி சொன்னார். கிட்டப் போய் எடுத்தால் அதிகம் பெரிதாக்க வேண்டாம், ரவையும் தெரியாது. ஈரப் பாறையில் வயிற்றால் ஊர்ந்து, ஆறடி தூரம்வரை போனேன்.

ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பன்னிரண்டும் பறவைக்குத்தான். கேமரா நனையாமல் குடை பிடிக்க வந்த என் மனைவி ஒருநாள், "என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்றாள்.

"பறவை பறந்துரும். தள்ளி நில்லுட்டி" என்று சீறினேன்.

குடையை மடக்கிக்கொண்டு தூரத்தில் போய் நின்றாள். அன்று எடுத்த படம் ஒன்றின் மூலையில் அவளும் விழுந்திருந்தாள். படத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அதற்கும் திட்டினேன்.

மறுவருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். எங்கள் கல்யாணத்தில் யாரும் போட்டோ எடுக்கவில்லை. அவள் இருந்தது அந்த மூலையில் மட்டும்தான்.

ஸ்டூடியோக்காரர் மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரவை.

"ரொம்பத் தள்ளி நிக்காவளே அண்ணாச்சி" என்றார். "என்ன செஞ்சாலும் முகம் வராது."

அதே படத்தில் மீன்கொத்தியின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.